முசரவாக்கத்தில் ஃப்ளாஞ்சர் வாங்குவோர் கவனத்துக்கு

பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு ஊரில் எதிரிகளே கிடையாது. அவர் இருப்பது தெரிந்தால்தானே எதிரி வருவதற்கு? ஆடி மாதம் காஞ்சிபுரம் பக்கத்து முசரவாக்கத்தில் கூழ் வார்த்து முடித்து, இரவு திடலில் இன்னிசைக் கச்சேரி நடக்கும்போது கவனித்துப் பாருங்கள். பாடகர் சுருதி விலகினால் முன்வரிசைப் பாட்டிக்குத் தெரிந்துவிடும். ஆக்டோபேட் தட்டும் பையன் தாளத்தை விட்டால் ஆடிக்கொண்டிருக்கும் இளவட்டங்களுக்குத் தெரிந்துவிடும். பேஸ் நின்றுபோனால் மட்டும் கூட்டம் மொத்தமும் லேசாக நெளியும். எதற்காக நெளிகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. நாலு பேர் எழுந்து டீ குடிக்கப் போவார்கள், அவ்வளவுதான்.

இந்த அநியாயத்தைப் பொறுக்க முடியாத கட்டத்தில்தான் ஒரு பேஸ்காரர் ஃப்ளாஞ்சர் பெடல் வாங்க முடிவு செய்கிறார். இந்த வழிகாட்டி அவருக்காக. லீடு கிட்டார்க்காரர்கள் இதைப் படிக்க வேண்டாம். அவர்களிடம் ஏற்கெனவே எட்டுப் பெடல் இருக்கிறது. எட்டும் மைக் செட்காரர் காதுக்கு எக்கோவாகத்தான் கேட்கிறது.

வாங்கும் முன் பொருள் இன்னதென்று தெரிந்துகொள்ளுங்கள், வீட்டில் கேட்பார்கள். கிட்டாரிலிருந்து வரும் ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றொன்றைச் சில மில்லி விநாடிகள் தாமதமாக்கி, மறுபடி இரண்டையும் சேர்ப்பதுதான் ஃப்ளாஞ்சரின் வேலை. தாமதம் ஒரே அளவில் நிற்காது, கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். சேரும் இடத்தில் சில அதிர்வெண்கள் கைகோத்துப் பெருகும், சில ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். தாமதம் நகர நகர, இந்தக் காணாமல் போகும் இடமும் மேலும் கீழும் நகரும். அதுதான் அந்த 'ஊஊஷ்' என்ற வீச்சு.

இவ்வளவையும் தறி போட்டிருக்கும் மாமனாரிடம் சொல்ல வேண்டியதில்லை. மயில் கழுத்து என்று சொல்லுங்கள், போதும். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். புடவையை ஆட்டினால் நீலம் ஓடி பச்சை வரும், பச்சை ஓடி நீலம் வரும். எந்த இழையும் சாயம் மாறவில்லை, ஒன்றின்மேல் ஒன்று விழும் கோணம்தான் மாறியது. காதுக்கு நெய்த மயில் கழுத்துதான் ஃப்ளாஞ்சர். மாமனார் ஒப்புக்கொள்வார். "அதுக்கு எதுக்குபா கரண்ட்டு?" என்று மட்டும் கேட்பார். நியாயமான கேள்வி. பதில் பின்னால் வருகிறது.

ஒரு காலத்தில் இதற்கு இரண்டு டேப் ரிக்கார்டர்கள் வேண்டியிருந்தன. ஒரே பாட்டை இரண்டிலும் ஓடவிட்டு, ஒன்றின் சுருள்வட்டின் விளிம்பில் கட்டைவிரலை லேசாக வைத்தால் அது ஒரு நூலிழை பின்தங்கும். 1966-ல் லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர் பீட்டில்ஸ் குழுவுக்காக, ஒரே குரலை டேப்பில் தாமதித்து இரட்டையாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஸ்மால் ஃபேசஸ் குழுவின் 'இட்சிகூ பார்க்' பாட்டில் இந்த ஊஷ் சத்தம் உலகம் முழுக்கக் கேட்டது. 1969-ல் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் சாங்ஸ்டரும் டீரும், மின்னூட்டத்தைப் படிப்படியாகக் கைமாற்றிக் கொண்டுபோகும் ஒரு சில்லு வடித்தார்கள். அப்படி 1024 படிகள் உள்ள சில்லு ஒன்றை நொடிக்கு ஒரு லட்சம் தடவை துடிக்க வைத்தால் ஏறக்குறைய 5 மில்லி விநாடி தாமதம் கிடைக்கும். இரண்டு டேப் ரிக்கார்டரும் ஒரு கட்டைவிரலும் செய்த வேலை சோப்புப் பெட்டிக்குள் வந்துவிட்டது. 1970-களின் பிற்பாதியில் ஆளாளுக்கு அந்தப் பெட்டியை விற்க ஆரம்பித்தார்கள்.

இனி பேஸ்காரர் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம்.

ஃப்ளாஞ்சர் முதலில் தின்பது, உங்களுக்கு எதற்காகப் பேட்டா கொடுக்கிறார்களோ அதைத்தான். கணக்கு சின்னது. தாமதம் 5 மில்லி விநாடி என்றால் முதல் பள்ளம் விழுவது 100 ஹெர்ட்ஸில். 10 என்றால் 50 ஹெர்ட்ஸில். பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பி, கைவைக்காமல் அடித்தால் 41.2 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆகவே தாமதம் ஊர்ந்து 12 மில்லி விநாடி பக்கம் வரும்போது அந்தக் கம்பியின் அடிநாதமே ஆவியாகிவிடும். நீங்கள் கம்பியை அடிப்பீர்கள், கம்பியும் அதிரும், மேடைக்கு மட்டும் சேதி போகாது. சற்றுப் பொறுத்தால் வீச்சு திரும்பும்போது அது இடி மாதிரி மீண்டு வரும், அதுவும் பாடகி மெதுவாக ராகம் இழுக்கும் இடத்தில். சாதாரண கிட்டாருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அதன் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது, அதற்கு வேலையும் பெரும்பாலும் மேலே.

எனவே முதல் விதி: குறைந்த தாமதத்தில் நிற்கத் தெரிந்த பெடலை வாங்குங்கள். 1 மில்லி விநாடியில் நிறுத்தினால் முதல் பள்ளம் 500 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். அடிநாதம் பத்திரமாக இருக்கும், மேலே உள்ள விரல் ஒலி மட்டும் பளபளக்கும். பெரும்பாலான பெடல்களில் 'மேனுவல்' என்று எழுதிய குமிழ் இதற்குத்தான். வாங்குகிறவர்களில் பலர் அதைத் தொடுவதே இல்லை. பெயரைப் பார்த்துவிட்டு அதைப் பயன்படுத்த ஏதோ புத்தகம் படிக்க வேண்டும்போல என்று விட்டுவிடுகிறார்கள்.

"இவ்வளவு செலவு செய்யாமல் ஓசியில் கிடைக்காதா?" என்று கேட்பீர்கள். கிடைக்கும், ஆனால் உங்களுக்குக் கிடைக்காது. கோயில் வாசல் கம்பத்தில் ஒரு கூம்பு ஹாரன், தெருமுனைக் கம்பத்தில் இன்னொன்று, இரண்டிலும் ஒரே அம்மன் பாட்டு. இரண்டுக்கும் சரியாக நடுவில் நின்றுகொள்ளுங்கள். ஆடிப் புழுக்கத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது, அதாவது ஒரு மில்லி விநாடிக்கு 35 சென்டிமீட்டர். நடுவிலிருந்து ஒரு எட்டு, முக்கால் மீட்டர், ஒரு ஹாரன் பக்கமாக வைத்தால் இரண்டு ஹாரன்களின் தூர வித்தியாசம் ஒன்றரை மீட்டர். தாமதம் நாலு மில்லி விநாடிக்குச் சற்று அதிகம். நாகஸ்வரம் 'ஊஊஷ்' என்று வளைந்து போகும். எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் குழாய்க்குள் போய் வெளியே வரும். கூழ்க் குடத்தோடு நடந்து வரும் ஒவ்வொரு பெண்மணியும் அரை நிமிடத்துக்கு ஒரு ஃப்ளாஞ்சரை இயக்கிக்கொண்டே வருகிறார். விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இதற்கு நெருங்கிய ஒன்றைப் பிரான்சில் ஷான்டியி மாளிகைத் தோட்டத்தில் கவனித்ததை 1693-ல் எழுதினார். நீரூற்றின் இரைச்சல் கல் படிக்கட்டில் பட்டுத் திரும்பும்போது அதில் ஒரு சுருதி கேட்டது அவருக்கு. காஞ்சிபுரத்தில் படிக்கட்டுக்குப் பஞ்சமா? குளத்துக்குக் குளம் படிக்கட்டுதான். நீரூற்று மட்டும் இருந்திருந்தால் ஹைகன்ஸுக்கு முன்பே நம் ஓதுவார் யாராவது கவனித்திருப்பார்.

இதில் பேஸ்காரருக்கு மட்டும் ஏன் பங்கில்லை? கூம்பு ஹாரனில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் வராது. ஊரில் எல்லோருக்கும் ஃப்ளாஞ்சர் போட்டுவிடும் அந்தக் கம்பம், உங்களை மட்டும் வடிகட்டி வெளியே விட்டுவிடுகிறது. கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதை மைக்கில் அறிவிக்கும்போது அந்த அறிவிப்பே இரண்டு கூம்பிலும் வளைந்துதான் கேட்கிறது.

சரி, வாங்கியே தீருவது என்று ஆகிவிட்டது. என்னென்ன கிடைக்கிறது?

பேஸில் ஃப்ளாஞ்சர் என்றதும் விஷயம் தெரிந்தவர்கள் தி க்யூர் குழுவின் சைமன் கேலப்பைச் சொல்வார்கள். அவர் மிதித்தது பாஸ் நிறுவனத்தின் பிஎஃப்-2, 1980-ல் வந்த பெடல். கத்திரிப்பூ நிறம், நாலு குமிழ். இப்போது தயாரிப்பில் இல்லை, செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். விற்பவர் "அப்படியே புதுசு" என்பார், குமிழைத் திருகினால் கரகரவென்று முப்பது வருஷத்து மேடைத் தூசி பேசும். அதற்குப் பின் வந்த பிஎஃப்-3-ல் கிட்டாருக்கு ஒரு துளை, பேஸுக்கு ஒரு துளை என்று தனித்தனியாக இருக்கிறது. உலகத்தில் யாரோ ஒரு பொறியாளர் நம்மை நினைத்து ஒரு துளை போட்டிருக்கிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே அதை வாங்கலாம் என்பது என் கட்சி. எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் எலக்ட்ரிக் மிஸ்ட்ரெஸ் 1976-லிருந்து புகழ்பெற்றது. வீச்சை அப்படியே உறையவைத்து நிறுத்த அதில் ஒரு சுவிட்சும் உண்டு. பேஸுக்கு அது நல்ல வசதி. பெயரை மட்டும் வீட்டில் உரக்கச் சொல்லாதீர்கள்.

எந்தக் கடையிலும் எந்தப் பத்திரிகையிலும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு: கால். நம் மேடைகள் பாதிக்கு மேல் கோயில் வளாகத்தில்தான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். எம்எக்ஸ்ஆர் மாதிரி நிறுவனங்களின் பெடல்களில் பித்தான் அளவில் ஓர் உலோக முளை துருத்திக்கொண்டிருக்கும். பூட்ஸ் போட்டு மிதிப்பவர்களுக்காகச் செய்தது அது. வெறுங்காலால் அழுத்தும் முதல் முறை, பல்லவியின் நடுவில் நீங்களும் ஒரு குரல் கொடுப்பீர்கள். பாஸ் பெடல்களில் அகலமான ரப்பர் பலகை இருக்கிறது, கட்டைவிரலும் பக்கத்து விரலும் சேர்ந்து சுகமாக உட்காரும். ஒலித் தரம், சர்க்யூட் பாரம்பரியம், ஜப்பானில் செய்ததா தைவானில் செய்ததா என்ற சர்ச்சைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் காலைக் கேளுங்கள்.

அடுத்தது மாமனார் கேட்ட கரண்ட். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் போதும், சிலது 18 கேட்கும். கடைத்தெருவில் வாங்கும் எலிமினேட்டரின் முனையில் உள்ளே பிளஸ்ஸா மைனஸா என்று பாருங்கள். பெடலுக்கு அநேகமாக உள்ளே மைனஸ் வேண்டும். மாற்றிச் செருகினால் ஒரே ஒரு தடவை ஒரு புது எஃபெக்ட் கேட்கும், புகையோடு. பேட்டரிதான் நிம்மதி. கார்ட்லெஸ் மைக்குக்காக மைக் செட்காரர் பையில் 9 வோல்ட் பேட்டரி எப்போதும் நாலு வைத்திருப்பார், "அண்ணே" என்று கூப்பிட்டால் ஒன்று தருவார். ஒயர் செருகியிருக்கும்வரை பெடல் பேட்டரியைக் குடித்துக்கொண்டேயிருக்கும். ஆகவே விழாக்குழுத் தலைவர் பேச எழுந்தால் உடனே ஒயரைப் பிடுங்கிவிடுங்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸில் ஈ கம்பியின் மூன்றாவது கட்டையில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். சீரியல் லைட், ஜெனரேட்டர், பழைய ஒயர் எல்லாம் சேர்ந்து மேடையில் 'ம்ம்ம்' என்று இரைவது ஏறக்குறைய உங்கள் ஜி-யின் சுருதிதான். ஜி-யில் ஒரு பாட்டு வந்தால் மின்வாரியமே உங்களுக்குத் தம்புரா போடும். ஃப்ளாஞ்சர் போட்டால் அந்தத் தம்புராவும் ஊஷ் ஊஷ் என்று அலையடிக்கும். இரண்டு பாட்டுக்கு நடுவில், நீங்கள் கைகட்டி நிற்கும்போது, பெடல் தானே கச்சேரி செய்யும். கீழிருந்து ஒரு குரல் வரும்: "இன்னாபா, பாக்ஸுக்குள்ள எதுனா பூந்துச்சா?" எர்த் பின் உடைந்த பிளக்கைக் கண்டால் மட்டும் இந்த வேடிக்கையெல்லாம் வேண்டாம். வெறுங்கால், ஈர ஜமக்காளம், கையில் உலோகக் கம்பி என்று நிற்கிறீர்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கிட்டாரைத் தொடுங்கள்.

பட்டு வாங்க ஊரெல்லாம் காஞ்சிபுரத்துக்கு வருகிறது, பெடல் வாங்க நாம் சென்னைக்குப் போக வேண்டும். அண்ணா சாலையில் 1842-லிருந்து இருக்கும் மியூசி மியூசிகல் மாதிரிக் கடைகளுக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். கடைக் கிட்டாரில் எல்லாப் பெடலும் நன்றாகத்தான் இருக்கும். கடைப்பையன் நாலு குமிழையும் முழுக்கத் திருகி, விமானம் இறங்குவதைப் போட்டுக் காட்டுவான். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஏமாற வேண்டாம். நாலையும் பாதிக்குக் கீழே இறக்கி, ஈ கம்பியை ஒரே சீராக இரண்டு நிமிடம் அடியுங்கள். ஒவ்வொரு அடியும் வயிற்றில் விழுகிறதா? ஏதாவது ஓர் அடி காணாமல் போனால் பெடலைக் கீழே வையுங்கள். ரிட்சி தெருவில் உதிரிப்பாகம் வாங்கி நாமே சால்டர் வைத்துச் செய்துவிடலாம் என்று ஒரு நண்பர் கிளம்புவார். அவர் வீட்டில் மூடி போடாத பெட்டிகள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டில் விலை சொல்லும் கட்டம். இதற்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. தறி உள்ள வீட்டில் ரூபாய்க்கு மதிப்பு ரூபாயில் இல்லை. "ஏங்க, இது எத்தனை புடவைக் கூலி?" என்பதுதான் கேள்வி. கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடம்பு ஒரு நாடா, கரை ஒரு நாடா என்று மாற்றி மாற்றிப் போட்டு நாள்கணக்கில் நெய்கிறார்கள். அந்த நாட்களை ஊஷ் சத்தத்தால் வகுத்துப் பார்க்கும் திறமை அவர்களுக்கு உண்டு, உங்களுக்குக் கிடையாது. பொய் விலை சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். சரிகையைத் தொட்டே தரம் சொல்பவர்களிடம் பெட்டியின் கனம் எடுபடாது.

குழுவுக்குள் எதிர்ப்பு வந்தால் வரலாற்றைத் துணைக்குக் கூப்பிடலாம். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) கச்சேரிக்கு உட்கார்ந்தால் பக்கவாத்தியங்களே மேடையை நிறைத்துவிடும், 'ஃபுல் பெஞ்ச்' என்றே அதற்குப் பெயர். பாட்டுக்காரரை விடப் பக்கத்தில் இருப்பவர்கள் அதிகம் சத்தம் போடுவது இந்த மண்ணின் மரபு என்று அடித்துச் சொல்லுங்கள். கீபோர்டுக்காரர் நம்ப மாட்டார். அவர் ஏற்கெனவே இடது கையால் உங்கள் பேஸையும் சேர்த்து வாசித்துக்கொண்டிருக்கிறார்.

எப்போது மிதிப்பது? இளையராஜா பாட்டில் மிதிக்கவே கூடாது. அவர் பேஸுக்குத் தனி மெட்டே எழுதியவர். சசிதரன் அவர் குழுவில் வாசித்த அந்த வரிகளைத் திடலில் இருக்கும் அத்தனை பேரும் நாற்பது வருஷமாகக் கேட்டு, கேட்டது தெரியாமலேயே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். 'இளைய நிலா' போகும்போது ஒரு ஸ்வரம் வளைந்தாலும், என்ன தப்பு என்று தெரியாமலே உங்களை முறைப்பார்கள். குத்துப்பாட்டில் மிதித்துப் பயனில்லை, தவில் சாம்பிளுக்கு முன்னால் எதுவும் நிற்காது. அம்மன் பாட்டில் மிதித்தால் யாருக்காவது சாமி வந்துவிடும், பழி உங்கள் மேல் விழும்.

மிச்சமிருப்பது ஒரே இடம். மணி பத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன், கச்சேரியை நிறுத்திவிட்டு, நன்கொடை கொடுத்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் பொன்னாடை போர்த்துவார்கள். பெயர்களை வாசிக்கும்போது பின்னணியில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கீபோர்டுக்காரர் தண்ணீர் குடிக்கப் போயிருப்பார், லீடு கிட்டார் செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கால் மணி நேரம் உங்களுடையது. கட்டைவிரலால் ரப்பர் பலகையை அழுத்தி, மேனுவல் குமிழைக் குறைவாக வைத்து, மெதுவான வீச்சில் நாலே நாலு ஸ்வரம் வாசியுங்கள். பொன்னாடை வாங்குபவர்களில் யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்து, "தம்பி, அது இன்னா சவுண்டு?" என்று கேட்கவும் கூடும். மயில் கழுத்து என்று ஆரம்பிக்காதீர்கள், நேரமில்லை. புது பெடல் என்று சொல்லிவிட்டு, அடுத்த வருஷத்துக்கான அட்வான்ஸைப் பற்றிப் பேச்செடுங்கள்.